கோயிலா, கோவிலா? அகராதிகள் முரண்படும்போது மெய்ப்புக் கையேட்டில் எதை எழுதுவது?

அச்சுமை (கேள்வி):

பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புப் பார்ப்பவர்களுக்காக (அச்சுக்கு முன் படியைப் படித்துப் பிழை திருத்துபவர்கள்) 40 பக்கத்தில் ஒரு கையேடு தயாராகிறது. கல்லூரி மாணவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பது எண்ணம். இரண்டு இடத்தில் முட்டி நிற்கிறது.

ஒன்று, சொல் வடிவம். ஓர் அகராதி தலைச்சொல்லாகத் தருவதை இன்னொன்று ‘அங்கே பார்க்க’ என்று அனுப்பிவிடுகிறது. தினமும் சண்டை வருபவை இவை: கோயில்/கோவில், கறுப்பு/கருப்பு, வாழ்த்துகள்/வாழ்த்துக்கள், நாள்கள்/நாட்கள், இயக்குநர்/இயக்குனர், சுவரில்/சுவற்றில், முந்நூறு/முன்னூறு. எந்த அகராதிக்கு முதலிடம் கொடுப்பது?

இரண்டு, நடை. கையில் உள்ள இலக்கணக் கையேடுகள் எல்லாம் ‘நிலைமொழி ஈற்றில்’ என்று தொடங்குகின்றன. சரியாகத்தான் இருக்கின்றன, ஆனால் மூன்றாம் பக்கத்தைத் தாண்டி யாரும் படிப்பதில்லை. விதியை நீர்த்துப்போக விடாமல் ஆசையோடு படிக்க வைப்பது எப்படி?

ஈரொற்று:

முதலிடம் யாருக்கு என்று கேட்டால் விடை கிடைக்காது, ஏனென்றால் ஒவ்வோர் அகராதியும் வேறு வேலைக்காகச் செய்யப்பட்டது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, பின்னிணைப்பு 1939. இலக்கியம், நிகண்டு, கல்வெட்டு, பேச்சு வழக்கு என எல்லாவற்றிலிருந்தும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். கண்ணில் பட்ட வடிவத்தையெல்லாம் பதிவு செய்வது அதன் வேலை. ஒரு வடிவம் அதில் இருந்தால் ‘இப்படி எழுதியவர்கள் உண்டு’ என்றுதான் பொருள். இன்று எழுதலாம் என்ற அனுமதி அல்ல. அதேபோல ‘அங்கே பார்க்க’ என்ற குறிப்பைப் ‘பிழை’ என்று படிக்கக் கூடாது. விளக்கம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி (1992, விரிவாக்கிய பதிப்பு 2008, மூன்றாம் பதிப்பு 2020) இன்றைய எழுத்துத் தமிழை மட்டும் பார்க்கிறது. பழைய சொல் அதில் இல்லை என்பதால் அது தமிழில்லை என்று ஆகாது. பாவாணர் தொடங்கிவைத்த செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலி வேரைத் தேடுகிறது. தனித்தமிழ் நோக்கம் அதன் தெரிவுகளில் வெளிப்படையாகவே இருக்கும். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) மற்றத் திராவிட மொழிகளின் இணைச்சொற்களைத் தரும். ர/ற, ல/ள/ழ வழக்குகளில் மலையாளத்தைச் சாட்சிக்குக் கூப்பிட இதுதான் வழி.

ஆகவே ‘யார் பெரியவர்’ என்று பார்க்காமல் கேள்வியைப் பிரியுங்கள். இன்று புழங்குகிறதா என்றால் க்ரியா. பழைய ஆட்சி, அதாவது முன்பு எழுதிய வழக்கம், உண்டா என்றால் லெக்சிகன். எந்த எழுத்து மூலம் என்றால் வேர்ச்சொல் அகராதி. பிறகு சொற்களை மூன்று கட்டுகளாகப் போடுங்கள்: விதியும் இல்லை, ஆட்சியும் இல்லை என்பது பிழை, இரண்டுக்கும் ஆதாரம் உண்டு என்பது பதிப்பகத்தின் தெரிவு, ஊர்ப்பெயர், ஆட்பெயர், மேற்கோள் என்றால் தொடக் கூடாது. பெரும்பாலான சண்டைகள், இரண்டாம் கட்டில் கிடக்க வேண்டிய சொல்லை முதல் கட்டில் போடுவதால் வருபவை.

கோயில்/கோவில் அப்படிப்பட்டது. நன்னூல் 162இன்படி இ, ஈ, ஐ வழி யகரமும் ஏனைய உயிர்வழி வகரமும் உடம்படுமெய், அதாவது இரண்டு உயிரெழுத்துகள் சேரும் இடத்தில் நடுவே வரும் மெய். கோ+இல் என்றால் கோவில்தான். ஆனால் தொல்காப்பியம் உடம்படுமெய் கொள்ளுதலை ‘வரையார்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறது. விலக்க மாட்டார்கள் என்பதுதான் பொருள், எந்த மெய் எங்கே என்று பங்கு பிரிக்கவில்லை. கோயில் தேவாரக் காலத்திலிருந்தே நிலைத்த வழக்கு. சைவர்களுக்கு அடைமொழி இல்லாத ‘கோயில்’ சிதம்பரம், வைணவர்களுக்குத் திருவரங்கம். இதைப் பிழை என்று அடிக்க யாருக்கும் துணிவு வராது. ஒன்றைத் தேர்ந்துகொண்டு நூல் முழுவதும் அதையே வையுங்கள். நாகர்கோவிலையும் சங்கரன்கோவிலையும் மட்டும் ‘ஒரே சீராக்கு’ ஆர்வத்தில் மாற்றிவிட வேண்டாம்.

கறுப்பு இன்னும் சிக்கல். ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்று தொல்காப்பிய உரியியல் சொல்கிறது. அடுத்த நூற்பாவிலேயே நிறத்துக்கும் உரியவை என்கிறது. ஆக, றகரம் கோபத்துக்கு, ரகரம் நிறத்துக்கு என்று இன்று சிலர் சொல்லும் பங்கீடு அங்கே இல்லை. கருமை, கரிய, கருங்கல், கருங்குயில் எல்லாம் ரகரம். கறுத்தது, கறுப்பன் றகரம். மலையாளத்திலும் கறுப்பு றகரம், கரி ரகரம். ‘கருப்பு’ என்பதற்குப் பஞ்சம் என்ற பழம்பொருளும் உண்டு. இந்தக் கணக்கில் நிறப்பெயருக்குக் ‘கறுப்பு’ என்பதே வலுவானது. ஆனால் இன்றைய அச்சில் ‘கருப்பு’ மலிந்துவிட்டதால் பிழைக் கட்டில் போட வேண்டாம், தெரிவுக் கட்டில் போடுங்கள். கருப்பசாமி எப்படி எழுதப்பட்டிருக்கிறாரோ அப்படியே இருக்கட்டும்.

சுவற்றில் மட்டும் சந்தேகமே இல்லாத பிழை. கிணறு, வயிறு என்று ‘று’வில் முடிவதால் றகரம் இரட்டித்துக் கிணற்றில், வயிற்றில் என்று ஆகிறது (நன்னூல் 183). சுவர் ‘ர்’இல் முடிகிறது; தேர் தேரில் ஆவதுபோல் சுவர் சுவரில். அதுபோலவே முந்நூறு. மூன்று+நூறு முந்நூறு, ‘முன்னூறு’ என்றால் முன்னால் இருக்கும் நூறு.

குற்றியலுகரம்:

மேலே உள்ளவர் சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு. வாழ்த்துகளை விட்டுவிட்டார், வேண்டுமென்றே என்று நினைக்கிறேன்.

‘வாழ்த்துக்கள்’ பக்கத்து வாதம்: வாழ்த்து வன்தொடர்க் குற்றியலுகரம் (வல்லின மெய்யை அடுத்துக் குறுகி ஒலிக்கும் ஈற்று உகரம்), அதன் முன் வல்லினம் மிகும், பழைய பதிப்புகளில் ‘எழுத்துக்கள்’ ஏராளம். எதிர்வாதம்: அந்த விதி இரண்டு சொற்கள் சேரும்போது, ‘கள்’ இங்கே சொல் அல்ல, விகுதி. இதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. கணக்கு, வழக்கு, விளக்கு, வாக்கு ஆகியவையும் வன்தொடர்தான். கணக்குக்கள், விளக்குக்கள் என்று யாராவது எழுதுகிறார்களா? ‘த்து’வில் முடிந்தால் மட்டும் மிகும் என்று எந்த விதியும் கிடையாது. எனவே கையேட்டில் வாழ்த்துகள், எழுத்துகள், கருத்துகள் என்று வைத்து, ‘க்கள்’ வடிவம் பழைய ஆட்சி என்று ஒரு வரி சேர்த்தால் போதும். வாழ்த்துக்கள் என்றால் குடிக்கும் கள் என்று கேலி செய்வதை விட்டுவிடலாம். பூக்களை அப்படி யாரும் படிப்பதில்லை.

மாணவருக்குத் தர வேண்டிய வடிவம் இதுதான். குற்றியலுகரம் என்றால் மிகாது: வீடுகள், நாடுகள், பாட்டுகள். இரண்டு குறில் சேர்ந்து உகரத்தில் முடிந்தால் மிகும்: பசுக்கள், தெருக்கள், அணுக்கள். ஆ, ஊ ஈற்றிலும் மிகும்: விழாக்கள், வினாக்கள், பூக்கள், ஓரெழுத்துச் சொல்லான ஈயும் ஈக்கள். (குருவின் பன்மைக்குக் ‘குருக்கள்’ என்று எழுதினால் சிவன் கோயிலில் பூசை செய்பவர் வந்துவிடுவார், அங்கே குருமார் நல்லது.)

நாள்கள்/நாட்கள் வேறு கதை. தனிக்குறிலை அடுத்து ல், ள் வந்தால் திரிகிறது: சொற்கள், கற்கள், பற்கள், முட்கள். மற்ற இடத்தில் இயல்பு: நூல்கள், கால்கள், விரல்கள், தோள்கள். இந்த ஒழுங்குப்படி நாள்கள், பொருள்கள், ஆள்கள். ஆனால் ஆட்களும் பொருட்களும் நாட்களும் எழுத்தில் ஊறிவிட்டன. லகர ளகரம் அல்வழியில் (வேற்றுமைப் பொருள் இல்லாத சேர்க்கையில்) திரிந்தும் திரியாமலும் வரும் என்று இலக்கணமே இடம் விடுகிறது. ‘நாட்கள்’ என்றால் புறநானூற்றில் காலையில் அருந்தும் கள் என்பார்கள். உண்மைதான், 123ஆம் பாட்டு. அதற்காக ‘பத்து நாட்கள்’ என்று எழுதியவர் குடிகாரர் ஆகிவிட மாட்டார். தெரிவுக் கட்டு.

இயக்குநருக்கு ஒரு சோதனை போதும். வினைப்பகுதியோடு ‘நர்’: இயக்கு, ஓட்டு, நடத்து, பெறு, அனுப்பு, ஆளு. பெயரோடு ‘இன்+அர்’: உறுப்பினர், குழுவினர், துறையினர். ‘இயக்கு’ என்று ஒருவரிடம் கட்டளையிட முடியும். ‘உறுப்பு’ என்று கட்டளையிட முடியாது. அதனால் இயக்குநர், உறுப்பினர். மாணவர்கள் இதை மறப்பதே இல்லை.

வடகரை:

ஒரு விசயம் விடுபடுகிறது. இங்கே பேசுவதெல்லாம் தமிழ்நாட்டு அச்சை வைத்து. ஈழத்து எழுத்தாளர் நூலைப் பதிப்பிக்கிறீர்கள் என்றால் கையேட்டில் அதற்குத் தனிப் பக்கம் வேணும்.

ரொறன்ரோ, பற்றறி, ரிக்கற், யூலை, யேர்மனி ஆகியவை பிழையல்ல, வேறொரு முறை. யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘ற்ற’ நுனிநாக்கை மேற்பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஒற்றிச் சொல்லுறது. ஆங்கிலத்து ஒலிக்கு அது ‘ட்ட’வை விடக் கிட்ட. அதனால்தான் தமிழ்நாட்டில் டகரம் வரும் இடத்தில் அங்கே ரகர றகரம். ஜகரத்துக்கு யகரம் போடுறதும் சொல்முதல் எழுத்து மரபைப் பார்த்துத்தான். மெய்ப்புப் பார்க்கிறவர் பாதி இடத்தில் ‘டொராண்டோ’ என்று மாற்றி மீதியை விட்டுவிடும்போது நூல் இரண்டுங்கெட்டான் ஆகிறது. முழுதாக விடுங்கோ, அல்லது ஆசிரியரைக் கேட்டு முழுதாக மாற்றுங்கோ.

உள்நாட்டுச் சொல்லிலும் இது உண்டு. உழுந்து பழைய வடிவம், ஈழத்தில் இன்றைக்கும் அதுதான். தமிழ்நாட்டில் உளுந்து. ‘உழுந்து வடை’யைப் பிழை என்று அடித்தால் நிகண்டையும் சேர்த்து அடித்த மாதிரி. அகராதி வரலாற்றிலும் கரை இரண்டுதான்: யாழ்ப்பாண அகராதி 1842இல் வந்தது, 1862இல் சென்னையில் அச்சான வின்சுலோ அகராதிக்கான வேலையும் யாழ்ப்பாணத்தில்தான் தொடங்கினது.

அச்சுமை:

முதல் கேள்விக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, நன்றி. ஈழ வழக்குக்குத் தனிப் பக்கம் வைக்கிறேன். இரண்டாவது? குறிப்பாக ஒற்று, அதாவது இரண்டு சொல்லுக்கு நடுவே மிகும் க், ச், த், ப். அதில்தான் எல்லோரும் தூங்கிவிடுகிறார்கள்.

ஓடாக்குதிரை:

தூங்குவதற்குக் காரணம், ஒற்றை விதியாகச் சொல்லிவிட்டு எடுத்துக்காட்டைப் பின்னால் தருவது. தலைகீழாக்குங்கள். ஒற்று மாறினால் பொருள் மாறும் இணைகளை முதலில் வையுங்கள், விளக்கம் அடுத்த பக்கத்தில் இருக்கட்டும்.

வேலை கொடு / வேலைக் கொடு. முதலாவது வேலைவாய்ப்பு, இரண்டாவது முருகனின் ஆயுதம்.
தந்த பலகை / தந்தப் பலகை. யாரோ கொடுத்தது, யானைத் தந்தத்தில் செய்தது.
கட்டி கொடு / கட்டிக் கொடு. வெல்லக்கட்டியைத் தருவது, பொட்டலமாகக் கட்டித் தருவது.
பொய் சொல் / பொய்ச்சொல். ஒன்று ஏவல், மற்றது பொய்யான சொல்.

நான்கு இணைக்கும் தனித்தனியே சிறு கோட்டோவியம் போடலாம். படிப்பவர் சிரித்த பிறகு ‘ஏன்’ என்று தானே கேட்பார். அப்போதுதான் இரண்டாம் வேற்றுமை உருபு என்ற சொல்லை உள்ளே விட வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு கலைச்சொல்லுக்கு மேல் கூடாது.

வரிசையும் முக்கியம். உயிரீறு, மெய்யீறு என்று நூல் வரிசையில் போகாதீர்கள். அன்றாட உரைநடையில் அடிக்கடி வரும் நான்கு இடங்களில் தொடங்குங்கள்: ஐ உருபு (அவனைக் கேட்டேன்), கு உருபு (ஊருக்குப் போனேன்), அந்த/இந்த/எந்த (அந்தப் பையன்), இகரத்தில் முடியும் வினையெச்சம் (தேடிப் பார்). இந்த நான்கும் கைவந்தாலே பக்கத்தில் சிவப்பு மை வெகுவாகக் குறையும். வினையெச்சத்தோடு நிறுத்தாமல் எதிர்ப்பக்கத்தையும் உடனே காட்டுங்கள்: படித்துப் பார், கேட்டுக் கொள் என்று வன்தொடரில் மிகும், வந்து போ, நடந்து செல், செய்து கொடு என்று மற்றவற்றில் மிகாது.

இங்கே ஒரு பக்கவிளைவு வரும், முன்கூட்டியே எதிர்பாருங்கள். ஒற்றுப் பாடம் முடிந்ததும் எல்லா இடத்திலும் ஒற்றுப் போடத் தொடங்குவார்கள். ‘ஊறுக்காய்’, ‘வந்தப் பையன்’, ‘தாய்த்தந்தை’ எல்லாம் அப்படிப் பிறந்தவை. ஊறுகாய், சுடுசோறு வினைத்தொகை, வந்த பையன் பெயரெச்சம், தாய்தந்தை உம்மைத்தொகை. மூன்றிலும் மிகாது. ஆனால் ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தில் மிகும்: அழியாப் புகழ், ஓடாக் குதிரை. ‘த’ திரும்ப வந்தால் ஒற்றுப் போய்விடும்: அழியாத புகழ், ஓடாத குதிரை. என் பயனர் பெயரும் அதுதான்.

எனவே பயிற்சிப் பத்தியில் பிழைகளை மட்டும் ஒளித்துவைக்காதீர்கள். நூறு சொல்லில் எட்டு ஐயமான இடம் என்றால் ஐந்து உண்மையான பிழை, மூன்று சரியாக இருந்தும் பிழைபோல் தெரிபவை. சரியானதைத் திருத்தினால் இரண்டு மதிப்பெண் குறைவு, பிழையை விட்டால் ஒன்று குறைவு. இப்படிக் கணக்கு வைத்தால்தான் கை அடங்கும். பிழையைக் கண்டுபிடிக்கும் பயிற்சிக்குக் கடைப்பலகைகளும் சுவரொட்டிகளும் நல்ல சரக்கு. கடைப்பெயரை மறைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

சூத்திரத்தைத் தூக்கி எறிய வேண்டாம். பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் எண்ணோடு இருக்கட்டும். சந்தேகப்படுபவருக்கு அது வேண்டும்.

தேடுபொறி:

மெய்ப்புப் பார்ப்பவர்கள் கண்ணை நம்பும் இடத்தில் கணினியை நம்பலாம். ய், ர், ழ் மூன்றுக்குப் பின்தான் தமிழில் இன்னோர் ஒற்று வரும்: காய்ச்சல், பார்ப்பது, வாழ்க்கை. ற், ட் இரண்டுக்கும் பின் வரவே வராது. ஆகவே கோப்பில் இந்த ஆறையும் தேடுங்கள்: ற்க், ற்ச், ற்ப், ட்க், ட்ச், ட்ப். அதற்க்கு, முயற்ச்சி, கற்ப்பனை, வெட்க்கம், காட்ச்சி, நட்ப்பு எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பிறமொழிப் பெயர்கள் சில சிக்கும், அவற்றை ஒதுக்கிவிடலாம். ன்ட, ண்ற இரண்டையும் தேடுங்கள். தமிழ்ச் சொல்லில் ண்ட, ன்ற மட்டுமே. கவுன்டர்/கவுண்டர் போன்றவை தெரிவுக் கட்டு.

தேடுமுன் கோப்பை யூனிகோடு இயல்பாக்கம் (normalization, ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒன்றாக்குவது) செய்துவிடுங்கள். ‘கொ’வை ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டியிருந்தால் கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், தேடலில் அகப்படாது. இயல்பாக்கம் அதைச் சேர்த்துவிடும். அது சரிசெய்யாத இரண்டு உண்டு. ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்ட ‘பெளர்ணமி’. ரகரத்துக்குப் பதில் கால் போட்ட ‘மாி’. பின்னது பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் நிறைய.

ஒரு எச்சரிக்கை. ‘ெள’ எல்லாவற்றையும் ‘ௌ’ ஆக்கு என்று ஒரே தட்டில் கட்டளை கொடுத்துவிடாதீர்கள். வெளியீடு ‘வௌியீடு’ ஆகும், வெள்ளி ‘வௌ்ளி’ ஆகும். இணையத்தில் இந்த வடிவங்களை நிறையப் பார்க்கலாம். ஒவ்வோர் இடமாகப் பார்த்து மாற்றுவதுதான் வழி. ஒளவையாரை ஔவையார் ஆக்கும்போதும் அப்படியே. இல்லையென்றால் ஒளி கெட்டுவிடும்.

சொல்லடைவு தயாரிக்கும்போது இராம/ராம, இலண்டன்/லண்டன் இரண்டும் வேறு வேறு எழுத்தில் போய் உட்காரும். ஒரே ஆள் இரண்டு இடத்தில் வருவார். வடிவத்தை முடிவு செய்த பிறகே அடைவைத் தொடங்குங்கள்.

அச்சுமை:

கடைசியாக ஒன்று. பிறமொழிச் சொல் முன்னால் ஒற்று? ‘அந்தப் பஸ்’ என்று எழுதினால் இடிக்கிறது.

ஈரொற்று:

இடிப்பதற்குக் காரணம் உண்டு. ‘ப்ப’ என்று இரட்டித்தால் வல்லோசைதான் வரும். பஸ்ஸின் முதல் ஒலி மெல்லியது. பல ஆசிரியர்கள் ‘அந்த பஸ்’, ‘இந்த கேஸ்’ என்று விட்டுவிடுகிறார்கள். பேருந்து என்று எழுதும் நூலில் இந்தச் சிக்கலே இல்லை. டகரத்தில் தொடங்கும் டாக்டர், டிக்கெட் போன்றவற்றுக்குக் கேள்வியே எழாது. மிகுவது க, ச, த, ப நான்கு மட்டுமே. ஸ்கேன், ஃபைல் முன்னும் போடுவதில்லை.

எண்ணை எண்ணுருவில் எழுதும்போதும் விட்டுவிடுங்கள். ‘அந்த 10 பேர்’ என்பதை வாய் ‘அந்தப் பத்துப் பேர்’ என்றுதான் படிக்கும், ஆனால் ‘அந்தப் 10’ என்று அச்சில் பார்க்கச் சகிக்காது. காற்புள்ளி வந்தாலும் ஒற்று இல்லை: ‘அவனை, பார்த்த இடத்திலேயே, நிறுத்தினார்கள்’. நிறுத்திப் படிக்கும் இடத்தில் சேர்வது ஏது? திருத்தும்போது காற்புள்ளியை மட்டும் நீக்கிவிட்டு ஒற்றைச் சேர்க்க மறப்பது மிகச் சாதாரணம். கடைசி மெய்ப்பில் அந்த இடங்களைத் தனியாக ஒருமுறை பாருங்கள்.

அங்கு, இங்கு, எங்கு மூன்றையும் இன்றே முடிவு செய்துவிடுங்கள். விதிப்படி ‘அங்குச் சென்றான்’. நாளிதழ்கள் பெரும்பாலும் ‘அங்கு சென்றான்’. சண்டை வேண்டாம் என்றால் ‘அங்கே சென்றான்’ என்று எழுதச் சொல்லுங்கள். ஏகாரத்தின் பின் மிகாது.